இரட்டை விண்மீனுக்கு நாடி பார்த்தவர்

மலையுச்சி வானாய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை விழுங்கியது போக எஞ்சிய ஒரே இரவுக்கு இருவர் உரிமை கோரினால், மாலையில் உணவுக்கூடத்தில் அமர்ந்து புளுகவேண்டும். சமையற்காரர் மைதீன் பாய் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ, அவருக்கே தொலைநோக்கி.

அறவாழிக்கு அன்றைய இரவு கட்டாயம் வேண்டியிருந்தது. அவர் ஆண்டுக்கணக்காகத் துரத்திவரும் விண்மீன் இணை அன்றுதான் மிக நெருங்கிவரும். இரண்டும் சூரியனினும் பன்மடங்கு பருத்தவை. நீண்டு நசுங்கிய பாதையில் ஒன்றையொன்று சுற்றுபவை. நெருங்குகையில், நிலவு கடலை இழுப்பதுபோல் ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிதுக்கும். விலகிய பின்னும் அவற்றின் உடல், அடித்த வெண்கல மணியாய் அதிர்ந்துகொண்டே இருக்கும். இம்முறை தவறினால் அடுத்த நெருக்கத்தைப் பருவமழை மூடிவிடும்.

போட்டிக்கு வந்தவள் செண்பகவல்லி, வால்மீன் தேடுபவள். வால்மீனின் வாலைப் பிடித்து வீட்டு ஒட்டடை முழுவதும் அடித்துவிட்டதாகச் சொல்லி, பாயை ஏற்கெனவே சிரிக்கவைத்திருந்தாள்.

அறவாழி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாய், என் நட்சத்திரம் துடிச்ச துடிப்புல உங்க இட்லிப் பானை மூடி தாளம் போட்டுச்சே, கேட்டீங்களா?"

"அது காத்து சார்."

"காத்துக்கு ஆதி தாளம் தெரியுமா? அதை விடுங்க. டாக்டர் என் நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, உங்களுக்கு ரெண்டு இதயம்னுட்டார். ஒண்ணுதான் என்னோடது. இன்னொண்ணு மேல துடிக்கிறது இங்க கேக்குது."

"ரெண்டுக்கும் சேத்துத்தான் பஜ்ஜி சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?" என்றாள் செண்பகவல்லி.

கூடம் சிரித்தது. ஆனால் பாயின் மீசையும் நெளிந்ததைக் கண்ட அறவாழிக்கு ஊக்கம் பொங்கியது.

"சிரிக்காத தாயி. சந்தேகம் தீரணும்னு நேர்லயே போயிட்டேன். ரெண்டும் நெருங்குற நேரம், நடுவுல நின்னேன். தலைப் பக்கம் ஒண்ணு இழுக்குது, கால் பக்கம் ஒண்ணு இழுக்குது. போறப்போ நான் குட்டை. இப்பப் பாரு, ஆறடி."

"அந்தச் சூட்டுல வேட்டி பத்திக்கலையா?"

"ஈர வேட்டியில்ல கட்டிட்டுப் போனேன். காஞ்சதும் திரும்பிட்டேன்."

"வேட்டி காயுறதுக்குள்ள என்னத்தைப் பாத்திருப்பீங்க?"

அந்தக் கேள்வி அறவாழியின் தன்மானத்தைச் சுட்டது.

"என்னத்தையா? மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாத்தேன். ஒரு சுத்துக்கு எத்தனை துடிப்பு, எது பெருசு, எது சிறுசு, எப்ப ஏறுது, எப்ப இறங்குது, அத்தனையும் அளந்தாச்சு. இனிமே அதுல அளக்க ஒண்ணும் பாக்கியில்ல."

கூடமே கைதட்டியது. அறவாழி வெற்றி பெற்றவராய்த் துண்டை உதறித் தோளில் இட்டார். மைதீன் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, செண்பகவல்லியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீங்க போங்கம்மா. சார்தான் நேர்ல போய் எல்லாத்தையும் அளந்துட்டாரே. அவருக்கு எதுக்குத் தொலைநோக்கி?"

"பாய், அது வந்து..."

"ஏன் சார், நீங்க போகலையா?"

அறவாழி வாயைத் திறந்தார். கூடம் முழுவதும் அவரையே பார்த்தது.

"போனேன்தான்," என்றார்.

"அப்ப டீ ஊத்துறேன், குடிச்சிட்டுப் படுங்க. அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்த களைப்பு இருக்கும்ல."