அண்ணாச்சி அளந்த பீர்

மெல்போர்னில் எங்கள் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டு கராஜ்தான். இந்த வாரம் யாரும் பீர் வாங்கி வரக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரே காய்ச்சிய பீர் டிரம்மில் தயாராக இருக்கிறதாம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் நானும் ஜெபராஜும் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தோம்.

அண்ணாச்சிக்கு அன்று மானப் பிரச்சினை. முதலில் போட்டது வினிகராகிவிட்டது. அடுத்தது பாட்டிலோடு வெடித்தது. "இந்தத் தடவையும் பீர் வரலைன்னா டிரம் எனக்கு. துணி ஊற வைக்கப் போறேன்" என்று அவர் மனைவி செண்பகவல்லி மதினி சொல்லிவிட்டார். மதினி சும்மா சொல்கிறவர் இல்லை.

"காய்ச்சுறது யாரு வேணாலும் காய்ச்சலாம்டே," என்று தொடங்கினார் அண்ணாச்சி. "புளிக்கும்போது கூடவே இருந்து கவனிக்கணும். அதுலதான் இருக்கு விஷயம். மூடி மேல சின்னக் குழாய் தெரியுதா? உள்ள காத்து சேர்ந்தா அதுல குமிழ் வரும். அந்தச் சத்தத்தை நான் ஆபீஸ்ல இருந்தே கேப்பேன்."

"ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கே?" என்றான் ஜெபராஜ்.

"அதான், கொஞ்சம் உன்னிப்பாக் கேக்கணும். ஒரு நாள் மீட்டிங்ல இருக்கேன், தாளம் லேசாப் பிசகுது. டிரம்முக்குக் குளிருதுன்னு புரிஞ்சுபோச்சு. ஓடி வந்து கம்பளியைப் போத்திவிட்டேன். தும்மல் நின்னுட்டு."

"தும்மலா?"

"குறுக்க பேசாத. மறுநாள் நுரை கிளம்புச்சு பாரு! மூடியைத் தள்ளி, கராஜ் கதவைத் தள்ளி, உள்ள நின்ன காரையும் தெருவுக்குத் தள்ளிட்டுப் போயி எதிர்த்த வீட்டு வாசல்ல நிப்பாட்டிட்டு. கோணல்மாணலா இல்லடே, கோடு போட்ட மாதிரி நேரா!"

"ஹேண்ட்பிரேக் போடலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தேன். நுரை எடுத்துவிட்டுது. நிப்பாட்டுனதும் மறுபடி போட்டுட்டும் வந்துது."

ஜெபராஜ் டம்ளரைத் தட்டிக் காட்டினான். அண்ணாச்சி கண்டுகொள்ளவில்லை.

"அதுக்கு மேலதான் ஆபத்து. காத்து ஏறி டிரம் பலூன் கணக்கா மேல கிளம்பிட்டு. விட்டுருவேனா? காலைப் பிடிச்சுத் தொங்கிட்டேன்."

"டிரம்முக்கு ஏது கால்?"

"டிரம் கால் இல்லடே, அடியில ஸ்டாண்டு கால்! மேகத்துக்குள்ள போனாலும் வேலையை விடலை. டிரம்மோட அடிக் குழாயைத் திறந்து ஜாடியில பிடிச்சு, ஹைட்ரோமீட்டரைப் போட்டேன். அது சர்க்கரையை அளக்குற மிதவை. புளிக்க வைக்கிற யீஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன கீழ இறங்கும். பக்கத்துல ஒரு ஏரோப்ளேன். பைலட் ஜன்னலைத் திறந்து, 'சார், எப்போ குடிக்கலாம்?'னு கேக்குதான்."

"ஏரோப்ளேன் ஜன்னலைத் திறக்க முடியாதே!"

"முடியாதுதான். பாவம், ரொம்பச் சிரமப்பட்டுத்தான் திறந்தான்."

ஜெபராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "என் மச்சானும் வீட்டுல காய்ச்சுறான் அண்ணாச்சி. முடியப்போற நேரத்துல ரெண்டு தடவை அளப்பான், அவ்வளவுதான். நீங்க எத்தனை தடவை அளந்தீங்க?"

"உன் மச்சானுக்குப் பொறுப்பு கிடையாது. நான் காப்பிக்கு முன்னாடி அளப்பேன், சாப்பாட்டுக்கு முன்னாடி அளப்பேன், சந்தேகம் வந்தா நடுவுலயும் அளப்பேன்."

"அளந்ததைத் திரும்ப டிரம்லயே ஊத்திருவீங்களா?"

"ஐயையோ! கிருமி சேர்ந்துரும்லா!" என்று பதறியவர், சட்டென்று பேச்சை மாற்றினார். "இன்னைக்குக் காலையில பாரு, ஹைட்ரோமீட்டர் இறங்கி ஜாடியோட அடியையே தொட்டுட்டு! சர்க்கரை துளி கிடையாது. மூடிக் குழாய்ல குமிழ்ச் சத்தமும் இல்ல. இப்படி ஒரு பீரை எவனும் காய்ச்சுனது இல்ல."

துணிக் கூடையோடு மதினியும் வந்து நின்றார். அண்ணாச்சி என் டம்ளரை வாங்கிக் குழாயைத் திறந்தார். டிரம் ஒரு ஏப்பம் விட்டது. சேறு மாதிரி இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். சரித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியில் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் தலையை வெளியே எடுத்தபோது பழைய கம்பீரம் வந்துவிட்டது.

"பாத்தியாடே? அவ்வளவு வீரியமான யீஸ்ட்! சர்க்கரை தீர்ந்ததும் பசி தாங்காம பீர் முழுசையும் குடிச்சுத் தீர்த்துட்டு!"

மதினி டிரம்மைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி. குடிச்சுட்டு தினமும் சோபாவுல குறட்டை விட்டுச்சு. தட்டி எழுப்பிச் சோறு போட்டதே நான்தான்."