சேற்று நண்டின் பெரிய கை

மீனும் நண்டும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கழிமுகச் சேற்றில் வாழ்ந்த நண்டுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவாக, நெல்மணி போலச் சிறியவையாகத்தான் இருந்தன. இரண்டாலும் மாறி மாறிச் சேற்றைக் கிள்ளித் தின்னும்.

அதே கழிமுகத்தில் கன்னிமா என்பவள் இறால் தடவிப் பிழைத்துவந்தாள். ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் ஊர்ந்தபடி, அடிச்சேற்றை இரண்டு கைகளாலும் துழாவுவாள். விரலில் மஞ்சள் ஓட்டு மட்டி தட்டுப்பட்டால் அதையும் எடுத்துக்கொள்வாள். குஞ்சு மட்டிகளை மட்டும் விட்டுவிடுவாள்.

ஒருநாள் பெரிய கப்பல் ஒன்று முகத்துவாரத்தில் வந்து நின்றது. அதன் அடியெல்லாம் கறுப்புச் சிப்பிகள். கப்பல்காரன் அவற்றைச் சுரண்டித் தண்ணீரில் தள்ளினான்.

"எங்கயோ ஒட்டினத இங்க எதுக்குயா கொட்டுற?" என்றாள் கன்னிமா.

"வெறுஞ்சேறுதானே கிடக்குது. உனக்கென்ன வந்துச்சு?" என்றவன், பாயை விரித்துப் போயே போய்விட்டான்.

வெறுஞ்சேறாம். தன்னையும் இறாலையும் நண்டையும் வளர்த்த இடத்தை அவன் அப்படிச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தப் பக்கத்தார் சிப்பியை ஆழி என்பார்கள். காக்கை நிறத்தில் இருந்ததால் வந்தேறிச் சிப்பிக்குக் காக்கா ஆழி என்று பெயராயிற்று. அது நூல்விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அடிச்சேறு முழுக்கப் பாய் விரித்தாற்போலப் பரவியது. மட்டிகள் அதன் கீழே மூச்சுமுட்டிச் செத்தன. பதுங்கச் சேறு இல்லாமல் இறால் வேறு பக்கம் போயிற்று. துழாவப் போன கன்னிமாவுக்கு உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

வற்றம் வந்து சேறு வெளியே தெரிந்த நேரத்தில் அவள் காக்கா ஆழியிடமே கேட்டாள். "வந்தவங்க ஒரு ஓரமா இருந்தா ஆகாதா? இருக்கிறவங்க மேலயா ஏறி உக்காருவீங்க?"

"இங்க யாரு இருந்தாங்க? நாங்க வரும்போது காலியாத்தான் கிடந்துச்சு."

செத்த மட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அது அப்படிச் சொன்னது.

வளைக்குள் இருந்த நண்டுக்கு அதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. வெளியே வந்தது. "என் வாசல அடைச்சிக்கிட்டு, ஆளே இல்லைங்கிறியா?" என்று, சிப்பியின் இடுக்கில் ஒரு கையை நுழைத்து இழுத்தது. காக்கா ஆழி தன் ஓட்டை இறுக மூடியது. கை நசுங்கியது.

"வுட்டுடுப்பா, கை போயிடும்," என்றாள் கன்னிமா.

"போனா போவட்டும். இன்னொரு கையால தின்னுக்கிறேன்."

அது விடவில்லை. இழுத்த இழுப்பில் நூல் அறுந்து சிப்பி பெயர்ந்து வந்தது. அதைப் பார்த்த மற்ற ஆண் நண்டுகளும் வந்து ஆளுக்கொரு கையை இடுக்கில் கொடுத்தன. பெண் நண்டுகள் முட்டையைச் சுமந்துகொண்டு வளையிலேயே இருந்தன. நண்டுகள் நெம்பிக் கொடுத்ததைக் கன்னிமா வாரி வாரிக் கரையில் போட்டாள்.

பல வற்றம் பாடுபட்டும் ஒரு கால்வாயைத்தான் மீட்க முடிந்தது. ஆனால் அந்தக் கால்வாயில் குஞ்சு மட்டிகள் மறுபடி தலைகாட்டின. கன்னிமா கையை விட்டுத் துழாவினாள். ஓர் இறால் துள்ளியது. அவள் கண் கலங்கியது. எதிர்க்கரை இன்னும் கறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் கோபமும் கூடவே வந்தது.

நசுங்கி வீங்கிய நண்டுகளின் கை மட்டும் வற்றவே இல்லை. அப்படியே கெட்டித்து, உடம்பளவு பெருத்துப்போயிற்று.

அன்று முதல்தான் ஆண் சேற்று நண்டுக்கு ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் இருக்கிறது. தண்ணீர் வற்றியதும் அது வளை வாசலில் நின்று பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பார்க்கிறவர்கள், அது யாரையோ வா வா என்று கூப்பிடுவதாக நினைக்கிறார்கள். அதுவோ, இங்கே ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.