ஒரு கை நமுத்த பொரி

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள், பிரமு அம்மாவின் குடிலில் பொரி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. கடலையும் வெல்லமும் முதல் நாளே தீர்ந்துவிட்டன. குடிலுக்கு வருகிற அடியார்கள் அந்த விஷயத்தில் ஊராருக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை.

அன்று காலை பத்துப் பேர் கூடியிருந்தபோது தாணுமூர்த்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, குருவை வீட்டுல எங்க வச்சுக் கும்பிடணும்?"

தாணுமூர்த்திக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஓவர்சியராக இருந்து, பாலமும் மதகுமாகக் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். கிணறு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயது இளையவரை அம்மா என்று கூப்பிட அவர் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்தான்.

ஆனால் அது பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் வீட்டுப் பின்முற்றத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன்மேல் அம்மாவின் இரண்டு பாதங்களைச் சலவைக்கல்லில் செதுக்கி வைத்திருந்தார். தென்மேற்கு மூலை உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்ததால், மேடையை அந்த மூலையிலேயே மதிலை ஒட்டிக் கட்டினார். அம்மா அதை வந்து பார்க்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இன்றைக்காவது பத்துப் பேர் நடுவில் பேசவைத்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தார்.

அம்மா கேட்டார்: "வீட்டுக்குள்ள தண்ணி வருதாமே?"

தாணுமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. மனைவி ஆவுடையம்மாள் பூஜையன்று வந்தவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று புரிந்தது.

"அது சின்ன விஷயம்மா."

"அக்கா பெட்டி கட்டி வச்சிருக்கதாச் சொன்னாங்க."

நிஜம்தான். போன ஐப்பசி கார்த்திகையில் மூன்று தடவை தண்ணீர் வாசற்படி ஏறி அடுக்களை வரைக்கும் போனது. அரிசி மூட்டை நனைந்தது, கட்டில் கால் ஊறியது, வெந்நீர் அடுப்பில் தவளை குடியிருந்தது. இந்த வருஷம் முதல் மழைக்கே மறுபடியும் வந்துவிட்டது. ஆவுடையம்மாள் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை தண்ணீர் படி ஏறினால் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டது ஒன்றுகூட இல்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. தெருவில் போட்ட புது சிமெண்ட் ரோட்டைத் திட்டினார். வடக்கு வீட்டுக்காரர் மண் கொட்டி மனையை உயர்த்தியதைத் திட்டினார். தண்ணீர் வடகிழக்காகத்தான் வெளியேற வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னபடி, அந்த மூலைக்கு ஆள் வைத்து வாய்க்கால் தோண்டினார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது, அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு மோட்டார் வாங்கித் தெருவுக்கு இறைத்தார். இறைத்த தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்தது.

"மழை பெய்யும்போது வாரேன்" என்றார் அம்மா. "அந்தப் பொரி மூட்டையைக் கொண்டுபோய் வச்சிருங்க."

தாணுமூர்த்தி அதைப் பிரசாதமாக நினைத்து இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வாய் போட்டுக்கொண்டார். பொரி நமுத்துப்போயிருந்தது. இருந்தாலும் மென்று விழுங்கினார்.

அதற்கு நான்காம் நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா குடையோடு வந்து சேர்ந்தார். வாசற்படிக்கு இரண்டு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. ஆவுடையம்மாள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

தாணுமூர்த்தி வடகிழக்கு வாய்க்காலைக் காட்டி அதன் அகலம், ஆழம், வாட்டம் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தார். அம்மா கேட்டுக்கொண்டே மூட்டையை அவிழ்த்து, ஒரு கை பொரியை அள்ளிப் படியடியில் தண்ணீர்மேல் தூவினார்.

"என்னம்மா இது?"

"பாருங்க."

பொரி கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. வாய்க்கால் பக்கம் ஒரு பொரிகூடத் திரும்பவில்லை. துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, முருங்கை மரத்தைத் தாண்டி, வீட்டின் பின்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று. அம்மா பின்னாலேயே நடந்தார். தாணுமூர்த்தியும் வேறு வழியில்லாமல் நடந்தார். இன்னொரு கை, இன்னொரு கை என்று அம்மா தூவிக்கொண்டே போக, எல்லாம் அந்த ஒரே வழியில் போயின.

தென்மேற்கு மூலையில், தண்ணீர் மெல்லக் கசிகிற மேடையடியில் போய் முட்டி, அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டன. மேடைக்கு வெள்ளையாகப் பூமாலை போட்டது போல இருந்தது.

மேடை கட்ட வந்த கொத்தனார் மதிலடியில் ஒரு ஓட்டையைக் காட்டி, இது என்ன ஐயா என்று கேட்டது தாணுமூர்த்திக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவருடைய மாமனார் மதில் கட்டும்போதே விட்ட மடை அது. வெளியே ஓடைக்குப் போகிற வழி. பாம்பு வரும், ஜல்லி போட்டுப் பூசிவிடு என்று கொத்தனாரிடம் சொன்னவர் தாணுமூர்த்தியேதான். ஊரெல்லாம் மதகு கட்டிய மனுஷர் தன் வீட்டு மதகை அடைத்துவிட்டு, இரண்டு வருஷம் அடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கடப்பாரை இருக்கா?" என்றார் அம்மா.

"அம்மா, மேல இருக்கது உங்க பாதம்."

"என் பாதம் இங்க கெடக்கு" என்று அம்மா சேற்றுத் தண்ணீரிலிருந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். விரலிடுக்கில் இரண்டு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது.

கடப்பாரை வந்தது. ஆனால் அவர் கை எழவில்லை. தினமும் விடிகாலையில் பூ வைத்துக் கும்பிட்ட இடம். அதைச் செதுக்கிய ஆளைத் தேடி மூன்று ஊர் அலைந்திருக்கிறார். அப்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது, முன்னைவிடப் பலமாக. வாசல் பக்கமிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஏங்க, தண்ணி படியைத் தொட்டுட்டு."

தாணுமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டார். முதல் போட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் காரை பெயர்ந்தது. மூன்றாவதில் சலவைக்கல் கீறி, ஒரு பாதம் சரிந்து தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. செங்கல் வரிசை சரிய, உள்ளே நிரப்பியிருந்த மண் குழைந்து இறங்கியது. அம்மா மண்வெட்டியை எடுத்து அதை இரண்டு பக்கமும் வாரித் தள்ளினார். அந்தக் கை மண்வெட்டி பிடித்து வளர்ந்த கை என்பது பார்த்தாலே தெரிந்தது. மேடை கால் பங்கானபோது மதிலின் அடி தெரிந்தது. எங்கே குத்த வேண்டும் என்று தாணுமூர்த்திக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து, பூச்சின் நடுவில் கடப்பாரையை நிறுத்தி, முழு பலத்தையும் போட்டு நெம்பினார்.

ஜல்லிக்கட்டி ஒன்று உருண்டு வெளியே போயிற்று. அதன் பின்னால் தண்ணீர் போயிற்று.

முதலில் களக் களக் என்றது, பிறகு ஓவென்று இரைந்தது. தேங்கி நின்ற பொரி அத்தனையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மதிலுக்கு வெளியே பாய்ந்தன. தாணுமூர்த்தி மதிலேறி எட்டிப் பார்த்தார். ஓடையில் வெள்ளை வெள்ளையாகப் பொரி போய்க்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று வயதில், கொட்டுகிற மழையில், மதில்மேல் தொங்கிக்கொண்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் திறந்துவிட்ட பெரிய மதகுகளுக்கு மேளதாளம் உண்டு, மாலை உண்டு. அங்கெல்லாம் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மழை விடவில்லை, ஆனால் தண்ணீர் இறங்கியது. படி தெரிந்தது. துவைக்கிற கல் முழுசாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முற்றத்து மண்ணும் தெரிந்தது. இரண்டு வருஷமாக மழைநாளில் வீட்டைவிட்டு இறங்காத ஆவுடையம்மாள் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கி, மடை வரைக்கும் நடந்து வந்து பார்த்தாள். திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த நல்ல புடவையை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"மாத்திக்கோங்கம்மா. காப்பி போடுதேன்."

அம்மா உடுத்திக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். தாணுமூர்த்தி உடைந்த சலவைக்கல்லைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். ஒரு பாதம் முழுசாக இருந்தது, இன்னொன்றில் மூன்று விரல் மிச்சம். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். இப்போது கேட்டுக்கொண்டிருக்கப் பத்துப் பேர் இல்லை.

"அம்மா, இதை எங்க வைக்கட்டும்?"

அம்மா காப்பியைக் கடைசி வாய் வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வேணும்னாலும் வைங்க. வைக்கதுக்கு முன்னால ஒரு கை பொரி தூவிப் பாத்துக்கிடுங்க."