கிளறாத பானை

முன்னொரு காலத்தில் பொன்னிலூர் நாட்டை மகிழ்வரையன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காதருகே கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. கெட்டித் தயிர் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

ஒருநாள் வேட்டையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பினார். பதறிப்போன சமையற்காரன் மூன்று நாள் பழைய தயிரைப் பரிமாறிவிட்டான். புளிக்காமல் என்ன செய்யும்?

அருகில் இருந்த சபைப் பெரியவர் விருத்தகிரியார், மந்திரி அம்பலவாணர் மீது நெடுநாள் பொறாமை கொண்டவர். சமயம் பார்த்தார்.

"பிரபு, வாளுக்கு அதிகாரி உண்டு, வண்டிக்கு அதிகாரி உண்டு. தயிருக்கு உண்டா? மந்திரியார் எதையும் தானாக நடக்கட்டும் என்கிறார். பாருங்கள், புளிப்பு தங்கள் நாக்குவரை வந்துவிட்டது!"

மறுநாளே விருத்தகிரியார் எழுதிய சட்டப்படி தயிர் விசாரிப்பு இலாகா பிறந்தது. அறுபது அதிகாரிகள், ஆளுக்கொரு வெள்ளிக் குச்சி. நாழிகைக்கு ஒருமுறை குச்சியை விட்டுத் துழாவித் தயிர் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பாலுக்கு வரி. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கக்கூடாது, அரண்மனை முத்திரை போட்ட உறைமோர்தான் ஊற்ற வேண்டும். தயிர் உறையவில்லையா? பானைக்காரர் பாலில் தண்ணீர் கலந்தவர். மாடுகள் பறிமுதல், அவரும் நாட்டைவிட்டு வெளியே.

பால் விலை ஏறியது. ஊரில் ஒரு பானைகூட உறையவில்லை. அதைவிடக் கொடுமை, உறைமோர்க் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுகதுக்கம் பேசிவந்த ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் தண்ணீர் கலக்க வெட்கப்பட்டவர்கள் இப்போது, "அதைப் பார்க்கத்தான் அதிகாரி இருக்கிறாரே!" என்று துணிந்து கலந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது போங்கள்.

முப்பது வருஷம் அரண்மனைக்குத் தயிர் கொடுத்த பூவாயியின் பானையும் உறையவில்லை. மாடுகளை விட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போக மூன்று நாள் கெடு வைத்தார்கள். அவள் மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, நாலு மாடும் புள்ளைங்க மாதிரி. மடியிலே கனமில்லே எனக்கு. ஆனா அந்தக் குச்சிக்காரங்க பானையைச் சும்மா விட்டாத்தானே உறையும்?"

அம்பலவாணர் சிரித்தார். "நாளைக்குச் சபைக்கு வா ஆத்தா. நீ பானையைத் தொடவே வேண்டாம்."

மறுநாள் காலை சபையில் மந்திரி எழுந்தார். "பிரபு, பூவாயி கை பட்டால் தண்ணீர் கலந்தாள் என்ற பேச்சு வரும். விருத்தகிரியாரே தம் வீட்டுப் பசுவைக் கறந்து, காய்ச்சி, இரண்டு பானையிலும் உறை ஊற்றட்டும். ஒரு பானைக்குத் தாங்கள் முத்திரை வையுங்கள், யாரும் தொட வேண்டாம். மற்றதைச் சட்டப்படி அவரே கவனிக்கட்டும்."

"என் கவனிப்பில் தண்ணீரே உறையும்!" என்று மார்தட்டினார் விருத்தகிரியார்.

முதல் நாழிகையில் குச்சியை விட்டார். பால். ஐந்தாம் நாழிகையில் லேசாக உறையத் தொடங்கியிருந்தது. மகிழ்ச்சியோடு துழாவினார். ஏழாவதில் திப்பி திப்பியாக வந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"பிரபு, இதற்குமேல் தொடாமல் விட்டால் நல்லது..."

"அதெப்படி?" என்றார் அம்பலவாணர். "நாழிகைக்கு ஒருமுறை என்பது தாங்கள் எழுதிய சட்டமாயிற்றே! விடுங்கள் குச்சியை!"

மாலையில் ராஜா முத்திரையை உடைத்து, தொடாத பானையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. விருத்தகிரியாரின் பானையைச் சாய்த்தார்கள். கஞ்சித் தண்ணீர் போலக் கொட்டியது.

"ஒரே பால், ஒரே உறை, ஒரே கை," என்றார் ராஜா. "சட்டப்படி நீர் பாலில் தண்ணீர் கலந்தவர். மாடுகளை விட்டுவிட்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்!"

அப்போது பூவாயி முன்னே வந்தாள்.

"வேணாம் ராசா. இவரு கைக்குழந்தையா இருந்தப்போ இவரு ஆத்தா எங்க வீட்டிலேதான் உறைமோர் வாங்கும். அந்த மோர் குடிச்சு வளர்ந்த புள்ளை. எங்கே போவாரு?"

விருத்தகிரியாரின் தலை தானாகக் கவிழ்ந்தது.

ராஜா அரியணையிலிருந்து இறங்கி வந்தார். "அம்மா, முப்பது வருஷம் உன் தயிரைச் சாப்பிட்டேன். ஒருநாள்கூட உன் பெயரைக் கேட்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும். மந்திரியாரே, நான் எதைத்தான் பார்த்துக்கொள்வது?"

"திருடனைப் பிடியுங்கள், ஆற்றங்கரை உடையாமல் காத்துக்கொள்ளுங்கள், எல்லையில் பகைவனைத் தடுங்கள். தயிரை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்."

ராஜா தம் கழுத்து மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். இலாகாவையும் பால் வரியையும் அன்றே எடுத்துவிட்டார். சித்திரை முழுக்கக் கோயில் வாசலில் நின்று, வெயிலில் வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்ற வேண்டும் என்பது விருத்தகிரியாருக்குத் தண்டனை.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா பூவாயியைக் கேட்டார்.

"மாடு கிடைச்சது, ஊரு கிடைச்சது. போதும் ராசா, நல்லா இருங்க. உறைமோர் மட்டும் பழையபடி வீட்டுக்கு வீடு போகட்டும்."

சில நாளில் பூவாயி வீட்டில் பானை உறைந்தது. வாசலில் கிண்ணங்களோடு வரிசை நின்றது. முதல் ஆளாக விருத்தகிரியாரின் மனைவி. பூவாயி அவள் கிண்ணத்தை வழிய வழிய நிரப்பினாள். வரிசையின் கடைசியில் அரண்மனைச் சமையற்காரன் கிண்ணத்தோடு நெளிந்துகொண்டு நின்றான்.

"ஆத்தா, ராஜா உன் பேரைச் சொல்லி வாங்கியாரச் சொன்னாரு."