வரிசைக்கு ஒரு கிளாஸ்

மாசானத்துக்குச் சந்தை வாசலில் டீக்கடை. அன்றைக்கு வியாபாரிகள் சங்கத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து சந்தையே கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, கடை வரிசைக்கு ஒரு ஓட்டு என்பது சங்கத்தின் சட்டம். மீன் வரிசையில் இருநூறு பேரும் எதிர்த்தார்கள். ஆனாலும் மூன்று மூன்று பேர் இருக்கிற பூ, பாய், பானை வரிசைகளின் தயவில் அருணகிரி தலைவராகிவிட்டார்.

"அமெரிக்காவிலேயே ஓட்டு குறைஞ்சவர் ஜனாதிபதி ஆகியிருக்கார். இவனுங்களுக்கு என்னவாம்?" என்று பதவியேற்பு மேடைக்குப் பக்கத்தில் அருணகிரி மாசானத்திடம் எரிந்து விழுந்தார். "எல்லாருக்கும் டீ கொடு. கூட்டம் அடங்கணும். ஒருத்தன் முணுமுணுத்தாலும் நாளைக்கு உன் கடை இருக்காது."

மாசானம் நாலே நாலு கிளாஸோடு வந்தான். பூக்காரர்களுக்கு ஒன்று, பாய்க்காரர்களுக்கு ஒன்று, பானைக்காரர்களுக்கு ஒன்று. மிச்சம் ஒன்றை இருநூறு மீன்காரர்களுக்கு நடுவில் வைத்தான். கூச்சல் கூரையைப் பிய்த்தது.

அருணகிரி மைக்கைப் பிடுங்கினார். "அறிவிருக்காடா? மூணு பேருக்கும் ஒண்ணு, இருநூறு பேருக்கும் ஒண்ணா? இது எந்த ஊரு நியாயம்?"

"அமெரிக்கா நியாயம்தான் தலைவரே. இப்பத்தானே சொன்னீங்க!"

சந்தை கொல்லென்று சிரித்தது. மீன்காரி செவத்தி அந்தக் கிளாஸை எடுத்துப்போய் மேடையில் வைத்தாள்.

"இதை நீங்க குடிங்க. நாங்க ஆளுக்கொரு ஓட்டுப் போட்டுட்டு வந்து குடிச்சுக்கிறோம்."