மேடையை மறித்த முள்ளம்பன்றி

முள்ளம்பன்றி பேச்சிக்கு ஒரே கவலைதான். கரட்டுக்காட்டுக் குகையில் அவள் பாடுபட்டுச் சேர்த்த புத்தகங்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது.

காட்டின் தலைவர் காட்டெருது சுடலை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "மாசாமாசம் புத்தகக் கூட்டம்னு காட்டையே கூட்டுற. ஒரு நாளாவது யாராவது புத்தகத்தைப் பத்திப் பேசினாங்களா? அடுத்த கூட்டமும் இப்படியே போச்சுன்னா குகையை வெளவாலுக்கு விட்டுருவேன். பாவம், அதுங்க இடமில்லாம அலையுது."

தலைவர் சொன்னதில் பொய் இல்லை. காட்டில் முக்கால்வாசிப் பேர் படிக்கத்தான் செய்தார்கள். பேச்சி புதர் புதராக அலைந்து புத்தகத்தைக் கொடுத்து வாங்குவாள். ஆனால் கூட்டம் என்று வந்துவிட்டால் நரி மாசானம் முன்னால் வந்து நின்றுவிடுவார். கூட்டம் நடத்துவதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. குகைக்கு எதிரே இருக்கும் தட்டைப் பாறையில் பெரிய தலைகளை வரிசையாக உட்கார வைப்பார். வரவேற்புரை அவருடையது. தலைமையுரை மயில். பிறகு வாழ்த்துரை, அதன் பிறகும் வாழ்த்துரை. நடுநடுவே தேக்கிலையில் தைத்த பொன்னாடை வேறு. "இனி நூலைப் பற்றி..." என்று அவர் ஆரம்பிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். குட்டிகள் பசியில் அழும். நன்றியுரை சொல்லி எல்லாரையும் அனுப்பிவிடுவார்.

இந்த மாதப் புத்தகம் ஒரு பெண்மானின் கதை. கோடையில் மான் கூட்டமே வற்றும் குட்டையைக் கட்டிக்கொண்டு கிடக்க, அவள் மட்டும் யாரிடமும் சொல்லாமல் குட்டியைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் புறப்படுகிறாள். எருமை கோமதி அதைப் படித்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. கரட்டுக்காட்டுக் குட்டையும் வற்றிக்கொண்டுதான் இருந்தது.

"யக்கா, அந்த மான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்குக் கேக்கணும். கூட்டத்துல கேக்க விடுவாங்களா?" என்றாள் பேச்சியிடம்.

"விட வைக்கேன்," என்றாள் பேச்சி.

முதலில் மாசானத்திடம் பணிவாகவே போய்ச் சொன்னாள். "அண்ணாச்சி, இந்தத் தடவை வாழ்த்துரை வேண்டாமே. நேரா புத்தகத்துக்குப் போயிரலாம்."

மாசானம் பதறிப்போனார். "மயிலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கரடிக்குப் பொன்னாடைன்னு சொல்லியாச்சு. மரியாதை தெரியாத காடுன்னு பேராயிரும் தாயி."

கூட்ட நாள் வந்தது. எல்லாருக்கும் முன்னால் பேச்சி தட்டைப் பாறையில் ஏறினாள். நட்டநடுவில் உட்கார்ந்தாள். முள் அத்தனையையும் விரித்தாள். பாறையில் ஒரு சுண்டெலி உட்காரக்கூட இடமில்லை.

மயில் வந்து பார்த்துவிட்டுத் தோகையைச் சுருட்டிக்கொண்டது. கரடி பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "நாங்க எங்க உக்காருறது?" என்றது.

"எல்லாரும் கீழதான உக்காந்திருக்காங்க. நீங்களும் அங்கயே உக்காருங்க."

"இறங்கு பேச்சி. ஊர் சிரிக்கப் போவுது," என்று மாசானம் பல்லைக் கடித்தார்.

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. புத்தகமே போனப்புறம் இந்தப் பாறையை வச்சு நாம என்ன செய்ய?" பேச்சி முள்ளை மடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மயிலும் கரடியும் முயல்களுக்கு நடுவே புல்லில் உட்கார்ந்தார்கள். சுடலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குகை வாசலில் வெளவால்கள் அதற்குள் இடம் பிடிக்க வந்துவிட்டன.

"கோமதி, நீ கேளு," என்றாள் பேச்சி.

கோமதி எழுந்தாள். நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "அந்த மான் கூட்டத்தை விட்டுட்டுப் போனது சரியா? எனக்கும் கன்னுக்குட்டி இருக்கு. குட்டையில தண்ணி வத்திக்கிட்டே போவுது. போகவும் பயமா இருக்கு, இருக்கவும் பயமா இருக்கு."

"தப்புதான்," என்றது ஒரு முயல். "சொல்லாமக் கொள்ளாமப் போனா அது ஓடிப்போறது."

"சொன்னா விடுவாங்களா?" என்றது கரடி. "எங்கம்மா சொல்லாமதான் என்னைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா. அதனாலதான் இன்னைக்கு நான் உசிரோட இருக்கேன்." கரடி இத்தனை காலமும் பொன்னாடையை வாங்கிக்கொண்டு 'வாழ்த்துகிறேன்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. அதன் மனதுக்குள் இப்படி ஒரு துக்கம் இருந்தது காட்டில் யாருக்கும் தெரியாது.

"யாராவது ஒருத்தர் முன்னால போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாம்," என்றது மயில். "அந்த யோசனை மான் கூட்டத்துல ஒருத்தருக்கும் வரலியே. கோமதி, நாளைக்கு நான் மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் பொறு."

பேச்சு சூடு பிடித்தது. ஆளுக்கு ஆள் மறுத்தார்கள், கோபித்தார்கள், திரும்பவும் கேட்டார்கள். மாசானம் மட்டும் தேக்கிலைப் பொன்னாடையோடு தனியாக நின்றார். "நான் அதைப் படிக்கல," என்றார் மெல்ல. "கூட்ட வேலையில நேரமே கிடைக்கல." யாரும் சிரிக்கவில்லை. முயல் ஒன்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.

பொழுது சாய்ந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேச்சி முள்ளை மடக்கிக்கொண்டு இறங்கித் தலைவரிடம் போனாள்.

"தலைவரே, குகை?"

சுடலையின் காதில் அது விழவே இல்லை. "அந்த மான் கடைசியில தண்ணியக் கண்டாளா, இல்லியா?" என்றார்.

படித்தவர்கள் அத்தனை பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். பேச்சி புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே படிச்சுப் பாருங்க. முடிச்சதும் குகையிலதான் கொண்டாந்து வைக்கணும்."

தலைவர் சரியென்று தலையாட்டினார். வெளவால்கள் வேறு இடம் பார்த்துப் பறந்தன.

எந்தக் காரியத்துக்காக ஊர் கூடுகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். மேடையும் மரியாதையும் அதற்குப் பிறகுதான்.