சொர்ணக்கிளியின் குதிகால் பூதம்

கிட்ட வந்து உட்காருங்க. காலை நீட்டிக்கிறவங்க தாராளமா நீட்டிக்கலாம். இது காலைப் பத்தின கதைதான்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, கூகைமலைன்னு ஒரு ராஜ்யம். அங்கே சூரியன் தானா வராது. மலை உச்சியில இருக்கிற வெங்கல மணியை அடிச்சாத்தான் வரும். அடிக்கிறவள் சொர்ணக்கிளி. மூணு அடி அடிப்பாள். முதல் அடி பூனை நடை மாதிரி, தொட்டில் பிள்ளைகளுக்கு. ரெண்டாவது கணீர்னு, மாடு கன்னுகளுக்கு. மூணாவது டணார்னு, ராஜாவுக்கு. அந்த ஊர்ல யாரும் திடுக்கிட்டு முழிச்சதே இல்லை.

பக்கத்துக் குகையில இருளாண்டின்னு ஒரு மந்திரவாதி. அவனுக்கு வெளிச்சம் ஆகாது. சொர்ணக்கிளி மிதிக்கிற படியில ஒரு சிட்டிகை மந்திரச் சாம்பலை ஊதிவிட்டான். அவளும் தெரியாம மிதிச்சுட்டாள்.

மறுநாள் பாயை விட்டு எழுந்து கால் வெச்சாள். குதிகாலில் சுருக்! ஆணி இறங்கினாப்போல.

"ஐயோ அம்மா!"

நொண்டி நொண்டிப் படியேறினாள். நடக்க நடக்கக் கொஞ்சம் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி சுருக். நாளுக்கு நாள் விடியல் பிந்தியது. சேவல்களுக்குக் காத்திருந்தே கழுத்து சுளுக்கிப்போச்சு. மல்லிகை மொட்டு விரிய மறந்து தூங்கியது.

"நாளைக்கும் பிந்தினால் மணி வேற ஆளுக்கு" என்றார் ராஜா.

அந்தி சாய இருளாண்டி வந்தான்.

"பொண்ணே, வலியே தெரியாத கல்லுக்கால் தரேன். மணியோட நாக்கை எனக்குக் குடு."

"மணிக்கு நாக்கில்லாட்டி எனக்குக் கால் எதுக்கு, தாத்தா?"

"தாத்தாவா? எனக்கு முந்நூறு வயசுதான் ஆகுது!"

மறுநாள் அவள் காலைக் கீழே வைக்கலை. பாயிலேயே இருந்து குதிகாலைப் பார்த்துக் கேட்டாள்: "உள்ளே யாரு?"

"நான்தான், குதிகால் பூதம்" என்றது ஒரு தூக்கக் குரல்.

"ஏன் கடிக்கிறே?"

"ராத்திரி பூரா சுருண்டு தூங்குறேன். நீ திடுதிப்புனு மலை மாதிரி மேல ஏறி நின்னா, கடிக்காம கொஞ்சுவேனா?"

சொர்ணக்கிளி நெத்தியில அடிச்சுக்கிட்டாள். "ஊரையே பதமா எழுப்புறவ, என் காலை மட்டும் மிதிச்சு எழுப்பினேனே!"

முதலில் விரல்களை அசைச்சாள், பூனை நடை மாதிரி. ரெண்டாவது, முந்தானையைப் பாதத்தில் மாட்டி மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். பூதம் சோம்பல் முறிச்சது. மூணாவது, சூடு பண்ணின செங்கல்மேல எருக்கிலை போட்டு, குதிகாலை அதில் இதமா ஒத்தினாள். பூதம் கொட்டாவி விட்டுச் சிரிச்சது. பழம்புடவையை மடிச்சுத் தைச்ச மெத்துச் செருப்பை மாட்டிக்கிட்டுப் படியேறினாள். அன்னைக்கு விடியல் பிந்தலை.

வலி ஒரே நாளில் போயிடலை, கேட்டீங்களா. அவளும் விடலை. தினமும் எழுப்பினாள், தினமும் ஒத்தினாள். தேய்பிறை மாதிரி அது தேய்ஞ்சது. படி முழுக்க ராஜா கோரைப்பாய் விரிச்சுக் கொடுத்தார்.

ஒருநாள் பூதம் சொன்னது: "என்னை இவ்வளவு இதமா யாரும் எழுப்பினதில்லை. என் கட்டு அவிழ்ந்தது. அனுப்பினவன் கிட்டயே போறேன்."

மறுநாள் இருட்டோடு குகைக்குள்ளே இருந்து சத்தம்: "ஐயோ அம்மா!"

சொர்ணக்கிளி குகை வாசலில் நின்னாள். "எந்திரிக்காதீங்க தாத்தா. முதல்ல விரலை அசைங்க."

சுடு செங்கலையும் எருக்கிலையும் வாசலில் வெச்சாள். அப்புறம் உச்சிக்கு ஏறி, முதல் மணியை அன்னைக்கு இன்னும் கொஞ்சம் மெதுவா அடிச்சாள்.